மார்பக இம்ப்ளான்ட் கல்லாக இறுகினால்: மறு ஆபரேஷன் செலவு யார் தலையில்?

மருத்துவமனையில் இன்சூரன்ஸ் மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் நான். அந்த மேசைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சத்தமாகத்தான் பேசுவார்கள், "இன்னும் ஏன் அப்ரூவல் வரலை?" என்று. இந்தப் பிரச்சினையோடு வருகிறவர்கள் மட்டும் குரலைத் தாழ்த்துவார்கள். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கத்து நாற்காலி காலியா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மேடம், இடது பக்கம் கல்லு மாதிரி ஆயிடுச்சு. திரும்ப ஆபரேஷன் பண்ணணுமாம். இது இன்சூரன்ஸ்ல வருமா?" என்பார்கள்.

வரும் அல்லது வராது என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. முதல் ஆபரேஷன் எதற்காக நடந்தது, இப்போது டாக்டர் காகிதத்தில் என்ன எழுதுகிறார், இந்த இரண்டையும் வைத்துத்தான் கம்பெனி முடிவெடுக்கிறது. நான் டாக்டர் இல்லை. மருத்துவப் பகுதியை, பணத்துக்கு அது எங்கே தேவைப்படுகிறதோ அந்த அளவுக்குச் சொல்கிறேன். வைத்தியத்தை உங்கள் பிளாஸ்டிக் சர்ஜனிடம் கேளுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

உடம்புக்குள் எந்த அந்நியப் பொருள் போனாலும், அது பேஸ்மேக்கரோ இம்ப்ளான்ட்டோ, அதைச் சுற்றித் தழும்புத் திசுவால் ஒரு மெல்லிய உறை உண்டாகும். இம்ப்ளான்ட் வைத்த எல்லோருக்கும் இது உண்டு. இது நோய் இல்லை. சிலருக்கு அந்த உறை தடித்துச் சுருங்க ஆரம்பிக்கிறது. உள்ளே இருக்கும் மென்மையான ஜெல் பை நசுங்கி, பந்துபோல உருண்டு, மேலே ஏறிக்கொள்கிறது. இதற்குத்தான் கேப்சுலர் கான்ட்ராக்சர் என்று பெயர். தமிழில் உறை இறுக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பலர் இம்ப்ளான்ட்டே கெட்டியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். எங்கள் சர்ஜன் ஒருமுறை விளக்கினார்: வெளியே எடுத்துத் தட்டில் வைத்தால் இம்ப்ளான்ட் பழையபடி தளதளவென்று இருக்குமாம், கத்திரிக்கோலுக்கு எதிர்ப்புக் காட்டுவது உறைதானாம். பல வருடம் ஆனால் அந்த உறையில் சுண்ணாம்புச்சத்து படிந்து முட்டை ஓடுபோல ஆகிவிடுவதும் உண்டு.

காரணம் ஒன்றே ஒன்று என்று யாராலும் கைகாட்ட முடியாது. இம்ப்ளான்ட் மேல் ஒட்டிக்கொண்டு, காய்ச்சலோ சீழோ காட்டாமல் பல மாதம் உட்கார்ந்திருக்கும் பாக்டீரியாப் படலம், ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளே தேங்கிய ரத்தம் அல்லது நீர், மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுத்த ரேடியேஷன் ஆகியவைதான் முக்கியமாகச் சொல்லப்படுபவை. இம்ப்ளான்ட்டை மார்புத் தசைக்கு மேலே வைத்தால் ஆபத்து சற்று அதிகம், கீழே வைத்தால் குறைவு. முலைக்காம்பைச் சுற்றி வெட்டி வைப்பதைவிட மார்பின் கீழ் மடிப்பில் வெட்டி வைப்பது மேல் என்பார்கள்; பால் குழாய்களில் இயல்பாகவே பாக்டீரியா இருப்பதால்.

எத்தனை பேருக்கு வருகிறது? அமெரிக்காவில் அல்லர்கன் நிறுவனம் தன் சிலிக்கோன் இம்ப்ளான்ட்டுகளைப் பற்றி 10 வருடம் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வில், கடுமையான இறுக்கம் அழகுக்காக முதல்முறை வைத்தவர்களில் 18.9 சதவீதம், புற்றுநோய்க்குப் பிறகு மார்பகம் புனரமைத்தவர்களில் 24.6 சதவீதம், ஏற்கெனவே வைத்ததை மாற்றிக்கொண்டவர்களில் 28.7 சதவீதம் என்று வந்தது. கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறு ஆபரேஷன் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், அந்த எண்ணைச் சொல்லி மறுகேள்வி கேட்கலாம்.

முதல் வேலை: கிரேடை எழுத்தில் வாங்குவது

டாக்டர்கள் இதை பேக்கர் கிரேடு என்ற 4 படிகளில் அளக்கிறார்கள். முதல் கிரேடில் மார்பகம் இயல்பான மென்மையோடு இருக்கும். இரண்டாவதில் தொட்டால் லேசாகக் கெட்டி, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. மூன்றாவதில் கெட்டியாகவும் இருக்கும், வடிவமும் மாறியிருக்கும். நான்காவதில் இதோடு வலியும் சேரும். குப்புறப் படுக்க முடியாது, கையைத் தூக்கித் தலை வாரும்போது இழுக்கும், ஆட்டோ குலுங்கினால் சுரீர் என்கும்.

இதெல்லாம் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வது. அதனால் இரண்டு டாக்டர்கள் இரண்டு கிரேடு சொல்லக்கூடும். இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கோ உங்களைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பே இல்லை, காகிதம்தான் அவருக்கு நோயாளி. ஓபி சீட்டில் 'கிரேடு 4, இடது பக்கம், 8 மாதமாக வலி, தினமும் வலி மாத்திரை' என்று இருந்தால் ஒரு கதை. 'ரிவிஷன் (மறு ஆபரேஷன்) வேண்டுகிறார்' என்று மட்டும் இருந்தால் வேறு கதை. இந்த இரண்டாவது வாக்கியத்தால் கவிழ்ந்த கேஸ்களை நான் பார்த்திருக்கிறேன். டாக்டர் தப்பாக எழுதவில்லை. அவசரத்தில் பாதியை எழுதினார், அவ்வளவுதான்.

எனவே ஓபிக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த மாதம் ஆரம்பித்தது, எந்தப் பக்கம், என்ன செய்ய முடியவில்லை, இதுவரை என்ன மாத்திரை. கூச்சப்பட்டு "கொஞ்சம் அசௌகரியமா இருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தால் சீட்டிலும் அதுவே ஏறும். இல்லாத வலியைச் சொல்லாதீர்கள். அது மோசடி, பின்னால் மாட்டிக்கொள்வீர்கள். இருக்கிற வலியை முழுசாகச் சொல்லுங்கள்.

தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள்

வைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு ஒரு பக்கம் திடீரென்று வீங்கினால், உள்ளே நீர் கோத்தால், அக்குளில் கட்டி தட்டுப்பட்டால், இன்சூரன்ஸ் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். இம்ப்ளான்ட்டைச் சுற்றிய உறையில் வரும் ஒரு அரிய வகை லிம்போமா உண்டு. மார்பகத் திசுவில் வருகிற புற்றுநோயிலிருந்து அது வேறு. அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ 2011-இல் முதலில் இதைப் பற்றி எச்சரித்தது. சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள இம்ப்ளான்ட்டுகளோடு இது அதிகம் தொடர்புபட்டதால், 2019 ஜூலையில் அல்லர்கனின் பயோசெல் வகை உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. 2022-இல் அதே உறையில் வேறு வகைப் புற்றுநோய்களும் அரிதாகக் காணப்பட்டதாக எஃப்டிஏ மறுபடி அறிவித்தது.

இந்தச் சந்தேகம் இருந்தால் நீரை எடுத்து சிடி30 என்ற பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, மிக அரிது. ஆனால் பணக் கோணத்தில் ஒன்று கவனியுங்கள்: இந்தச் சந்தேகத்தோடு நடக்கும் பரிசோதனையையும் ஆபரேஷனையும் 'அழகு சிகிச்சை' என்று ஒதுக்குவது எந்தக் கம்பெனிக்கும் கடினம்.

உள்ளே இம்ப்ளான்ட் கிழிந்திருக்கிறதா என்பது வெளியே தெரியாமலும் இருக்கலாம். அதற்கு அல்ட்ராசவுண்ட், சந்தேகம் தீராவிட்டால் எம்ஆர்ஐ. தொந்தரவே இல்லாதவர்கள்கூட சிலிக்கோன் இம்ப்ளான்ட் வைத்து 5–6 வருடத்தில் முதல் ஸ்கேனும், பிறகு 2–3 வருடத்துக்கு ஒருமுறையும் எடுக்க வேண்டும் என்பது எஃப்டிஏவின் 2020 பரிந்துரை. மாமோகிராம் எடுக்கப் போனால் இம்ப்ளான்ட் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், படம் எடுக்கும் முறையே மாறும்.

சிகிச்சை என்னென்ன, அதில் எது 'க்ளெய்ம்' ஆகும்

முதல் இரண்டு கிரேடுக்குப் பொதுவாக ஒன்றும் செய்வதில்லை, கவனித்துக்கொண்டிருப்பார்கள். மசாஜ் செய்தால் சரியாகும் என்பதற்குப் பெரிய ஆதாரம் இல்லை. ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் மான்டெலுகாஸ்ட் போன்ற மாத்திரைகளைச் சில டாக்டர்கள் முயற்சி செய்வார்கள். அது இந்த நோய்க்கென்று அனுமதி பெற்ற மருந்து இல்லை, மனநிலைப் பக்கவிளைவுகளுக்காக 2020-இல் எஃப்டிஏ அதற்குக் கடும் எச்சரிக்கை போட்டது. எழுதிக் கொடுத்தால் அதைப் பற்றிக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் செய்ய விடாதீர்கள். 1970களில் உறையைக் கையாலேயே வெளியிலிருந்து அமுக்கி உடைப்பார்கள். இம்ப்ளான்ட் கிழியும், உள்ளே ரத்தம் கட்டும் என்பதால் அது இன்று வேண்டாத முறை. 'ஆபரேஷன் இல்லாமலே சரி பண்ணிடலாம்' என்று யாராவது அமுக்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றும் நான்கும் கத்திக்குத்தான் போகும். அங்கே மூன்று வேலைகள் தனித்தனியாக இருக்கின்றன: பழைய இம்ப்ளான்ட்டை எடுப்பது, உறையை வெட்டித் தளர்த்துவது அல்லது முழுவதுமாக நீக்குவது, புதிய இம்ப்ளான்ட் வைப்பது. பெரும்பாலும் மூன்றும் ஒரே மயக்கத்தில் முடிந்துவிடும், பில்லும் ஒரே பில்லாக வரும். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். முதல் இரண்டும் நோய்க்கான சிகிச்சை என்று வாதாட இடம் உண்டு. அழகுக்காக வைத்தவருக்கு மூன்றாவதில் அந்த இடம் அனேகமாக இல்லை. மூன்றையும் ஒரே பேக்கேஜாகப் போட்டு அனுப்பினால் கம்பெனி மூன்றையும் சேர்த்தே நிராகரிக்கும்.

ஆகவே பில்லிங்கில் இரண்டு எஸ்டிமேட் கேளுங்கள். ஒன்று, எடுப்பதற்கும் உறை நீக்கத்துக்கும். இன்னொன்று, புதிதாக வைப்பதற்கும் அந்த இம்ப்ளான்ட் ஜோடியின் விலைக்கும். பில்லிங்காரர்கள் முனகுவார்கள், சிஸ்டத்தில் பேக்கேஜ் கோட் அப்படி இல்லை என்பார்கள். சர்ஜனிடம் சொல்லி எழுதி வாங்கினால் தருவார்கள்.

வெட்டி எடுத்த உறையைப் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள். மேலே சொன்ன அரிய நோய்கள் இல்லை என்று பார்த்துக்கொள்ள அது உதவும். பின்னால் சண்டை வந்தால், ஸ்கேனைப் போலவே அதுவும் உங்கள் கையில் இருக்கும் புறநிலைச் சாட்சி.

புதிதாக வைக்காமல் எடுத்துவிடுவதும் ஒரு முடிவு. ரேடியேஷன் வாங்கிய மார்பில் மறுபடி இம்ப்ளான்ட்டோடு போராடுவதைவிட, முதுகிலிருந்தோ அடிவயிற்றிலிருந்தோ சொந்தத் திசுவை எடுத்து அமைப்பது நல்லது என்று பல சர்ஜன்கள் சொல்வார்கள். பெரிய ஆபரேஷன்தான், ஆனால் அங்கே இறுகுவதற்கு அந்நியப் பொருள் கிடையாது.

பாலிசியில் படிக்க வேண்டிய ஒரு பத்தி

இந்தியாவில் எந்தக் கம்பெனியின் ஹெல்த் பாலிசியை எடுத்தாலும், விலக்குகளின் பட்டியலில் 'கோட் 08' என்று ஒன்று இருக்கும். இன்சூரன்ஸ் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-இல் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வாசகமாக வகுத்தது. அதன் சாரம்: தோற்றத்தை மாற்றும் காஸ்மெட்டிக் அல்லது பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடையாது, விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகான புனரமைப்பு என்றால் உண்டு, உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கும் மருத்துவத் தேவை என்று சிகிச்சை தரும் டாக்டர் சான்றளித்தாலும் உண்டு.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து, புனரமைப்புக்காக இம்ப்ளான்ட் வைத்தவர் என்றால் இந்த விலக்கு உங்களைத் தொடாது. உறை இறுக்கம் அந்தப் புனரமைப்பின் சிக்கல், புதிய இம்ப்ளான்ட்டும் அதன் தொடர்ச்சி. கேஷ்லெஸ் (கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டும் முறை) விண்ணப்பம் அனுப்பும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் புற்றுநோய் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் முதல் பக்கத்திலேயே வையுங்கள். இவர்களுக்கே க்வெரி (கூடுதல் விளக்கம் கேட்பது) போட்டு இழுத்தடித்த கேஸ் உண்டு. கம்பெனிக்காரர் 'இம்ப்ளான்ட்' என்ற சொல்லைப் பார்த்ததும் கோட் 08-ஐத் தட்டிவிடுகிறார், மேலே படிப்பதில்லை.

அழகுக்காக வைத்தவர் என்றால் உங்களுக்குத் திறந்திருக்கும் ஒரே வாசல் அந்தக் கடைசி வரி. கிழிந்த இம்ப்ளான்ட், தொற்று, லிம்போமா சந்தேகம் இவற்றில் 'நேரடி, உடனடி ஆபத்து' என்பதைக் காட்டுவது எளிது. வலியோடு கூடிய கிரேடு 4 வாதத்துக்குரியது. போராடினால் எடுக்கும் செலவாவது கிடைக்க வாய்ப்பு உண்டு. கிரேடு 3-க்கு, வடிவம் மாறியது மட்டுமே புகார் என்றால், நம்பிக்கை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

திருநங்கைகளின் நிலைமை இன்னும் குழப்பம். திருநர் பாதுகாப்புச் சட்டம் 2019, பாலின மாற்ற சிகிச்சைக்கும் பிற உடல்நலச் செலவுகளுக்கும் காப்பீட்டுத் திட்டம் அமைக்கச் சொல்கிறது. அதே 2019-இன் விலக்குப் பட்டியலில் 'கோட் 07' பாலின மாற்ற சிகிச்சையை வெளியே தள்ளுகிறது. ஒரே வருடத்தில் ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை பிடுங்கிக்கொண்டது. அவர்களும் நடைமுறையில் மருத்துவத் தேவைச் சான்றை வைத்துத்தான் மோத வேண்டியிருக்கிறது.

அடுத்தது மறைப்பு. பாலிசி எடுக்கும்போது 'முன்பு ஆபரேஷன் ஆனதுண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டிருந்தால், கம்பெனி கோட் 08 வரைக்கும் போகவே தேவையில்லை; அதை வைத்தே நிராகரித்துவிடும். ஏஜென்ட் தானாக டிக் போட்டுவிட்டார் என்பது நான் அடிக்கடி கேட்கும் பதில். கையெழுத்து உங்களுடையது. 2024 ஏப்ரலிலிருந்து வந்த விதிப்படி, தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடியிருந்தால், மோசடியை நிரூபித்தால் தவிர மறைப்பைக் காரணம் காட்ட முடியாது. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பும் அதிகபட்சம் 3 வருடம் என்று குறைந்துவிட்டது. ஆபீஸ் குரூப் பாலிசியில் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பே இருக்காது, எச்ஆரிடம் கேட்டுப் பாருங்கள்.

மருத்துவத் தேவைச் சான்றில் என்ன இருக்க வேண்டும்

ஒரு பக்கம் போதும். நோயின் பெயர், பக்கம், பேக்கர் கிரேடு, எத்தனை மாதம், ஆபரேஷன் இல்லாமல் என்ன முயன்று பலிக்கவில்லை, ஸ்கேன் தேதியும் முடிவும், ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆபத்து, என்ன ஆபரேஷன். டாக்டரின் பதிவு எண், சீல். 'அழகு', 'தோற்றம்', 'சமச்சீர்' போன்ற சொற்கள் தேவையில்லாமல் நுழைந்தால் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு கம்பெனி தொங்கும். சான்றை வாங்கி நீங்களே ஒருமுறை வாசியுங்கள். போன மாதம் வந்த ஒரு சான்றில் வலதுக்கு இடது என்று இருந்தது. எம்ஆர்ஐ ஒரு பக்கம், சான்று ஒரு பக்கம். அதைத் திருத்தி வருவதற்குள் மூன்று நாள் போயிற்று.

கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு 1 மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் நேர இறுதி ஒப்புதலுக்கு 3 மணி நேரத்துக்குள்ளும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்பது 2024 மே மாத ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை. க்வெரி போட்டால் கடிகாரம் நீளும். அதனால்தான் முதல் தடவையே முழுசாக அனுப்பச் சொல்கிறேன்.

வாரண்டி கார்டு, சர்ஜன், ஜிஎஸ்டி

இம்ப்ளான்ட் பெட்டிக்குள் ஸ்டிக்கர்கள் வரும்: கம்பெனி பெயர், மாடல், அளவு, சீரியல் எண். ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டப்படும், ஒன்று உங்களுக்குத் தரும் அட்டையில். அந்த அட்டை தீப்பெட்டி அட்டை கனம்தான் இருக்கும், பர்ஸில் வைத்தால் நாலு வருடத்தில் எழுத்து அழிந்துவிடும். இன்றைக்கே போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அட்டை கிடைக்கவில்லை என்றால், ஆபரேஷன் நடந்த இடத்தில் எழுத்து மூலம் பதிவேடுகளைக் கேளுங்கள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002 விதி. பதிவுகளை 3 வருடம் வைத்திருக்கவே அந்த விதி சொல்கிறது, ஆகவே தாமதிக்காதீர்கள்.

பெரிய இம்ப்ளான்ட் கம்பெனிகளின் வாரண்டியில் கிரேடு 3, 4 இறுக்கத்துக்கு மாற்று இம்ப்ளான்ட் இலவசம் என்று, குறிப்பிட்ட வருடங்களுக்கு இருக்கும். அதில் வருவது பொருள் மட்டும். தியேட்டர், மயக்க மருந்து, சர்ஜன் கட்டணம் உங்களுடையது. பயோசெல்லைத் திரும்பப் பெற்றபோதும், கம்பெனி வழவழப்பான மாற்று இம்ப்ளான்ட் தர முன்வந்தது; நோய் எதுவும் இல்லாமல் மாற்றிக்கொள்கிறவர்களின் ஆபரேஷன் செலவை ஏற்கவில்லை. சில வாரண்டிகளில் எடுத்த இம்ப்ளான்ட்டைத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். தியேட்டருக்குள் போவதற்கு முன்பே சர்ஜனிடம் "தூக்கிப் போட்டுடாதீங்க டாக்டர்" என்று சொல்லி வையுங்கள்.

வாரண்டி என்பது கம்பெனி உயிரோடு இருக்கும்வரைதான். பிரான்ஸின் பிஐபி கம்பெனி, தொழிற்சாலைத் தர சிலிக்கோனை நிரப்பி விற்றது வெளியே வந்ததும் 2010-இல் மூடப்பட்டது. பிரெஞ்சு அரசு எடுக்கும் செலவை ஏற்றது. புதிதாக வைக்கும் செலவைப் புற்றுநோய்ப் புனரமைப்புக்காக வைத்திருந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தது. இங்கிலாந்தில் தனியார் கிளினிக் கைவிட்டவர்களுக்கு அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் எடுத்துக் கொடுத்தது, மாற்றி வைக்கவில்லை. 'எடுப்பது சிகிச்சை, வைப்பது அழகு' என்ற அதே கோட்டை அரசாங்கங்களும் போட்டன.

முதல் ஆபரேஷன் செய்த சர்ஜன் தன் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது உண்டு, அது அவர் மனசு. முதல் ஆபரேஷனுக்கு முன்பே, "மறுபடி செய்ய வேண்டி வந்தால் எவ்வளவு காலத்துக்குள், எந்தெந்தச் செலவு நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள்?" என்று கேட்டு மெயிலில் பதில் வாங்கியவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

அழகு சர்ஜரிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் ஆகியவற்றால் பாதித்த உடலமைப்பையோ செயல்பாட்டையோ சரிசெய்வது என்றால் வரி இல்லை. மறு ஆபரேஷன் பில்லில் வரி விழுந்திருந்தால், எந்தப் பகுதிக்கு எதன் அடிப்படையில் என்று கேளுங்கள். எடுக்கும் பகுதிக்கும் சேர்த்து மொத்தமாகப் போட்டுவிடுவது நடக்கிறது.

அரசு மருத்துவமனை

கையில் பாலிசியே இல்லாதவர்களுக்கு ஒன்று. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-இல் மார்பக அழகு சர்ஜரிகளையே இலவசமாகச் செய்யும் கிளினிக் தொடங்கியபோது நாடு முழுக்க செய்தியானது; அரசுப் பணத்தில் இது தேவையா என்று கேலியும் கிளம்பியது. கேலி செய்தவர்கள், வலியோடு வரும் பெண்களைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். அரசு மருத்துவக் கல்லூரிகளின் பிளாஸ்டிக் சர்ஜரி ஓபியில் உறை இறுக்கத்தைக் காட்டலாம். காத்திருக்க வேண்டியிருக்கும், புதிய இம்ப்ளான்ட் கிடைக்குமா என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களுக்கு

அமெரிக்காவில் 1998-இன் பெண்கள் ஆரோக்கிய, புற்றுநோய் உரிமைச் சட்டப்படி, மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் பிளான், புனரமைப்பின் எல்லாக் கட்டங்களுக்கும், இன்னொரு மார்பகத்தைச் சமப்படுத்துவதற்கும், சிக்கல்களுக்கும் தர வேண்டும். அழகுக்காக வைத்தவர்களுக்கு அந்தச் சட்டம் உதவாது. கடும் வலியுள்ள கிரேடு 4 என்றால் எடுக்கும் செலவை ஏற்கும் கம்பெனிகள் உண்டு, ஒவ்வொன்றின் விதியும் வேறு. விடுமுறைக்கு ஊருக்கு வந்து இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டு திரும்புகிறவர்கள், ஸ்டிக்கர் அட்டையும் ஆபரேஷன் குறிப்பும் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகு

போனில் 'ரிஜெக்ட் ஆயிடுச்சு' என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், கடிதம் கேளுங்கள். எந்த ஷரத்தின்படி என்று அதில் இருக்க வேண்டும். கம்பெனியின் மறுஆய்வுக் குழு பார்க்காமல் நிராகரிக்கக் கூடாது என்பதும் 2024 விதி. அந்த ஷரத்துக்கு மட்டும் பதில் எழுதுங்கள். கோபத்தை நாலு பக்கம் எழுதினால் யாரும் படிப்பதில்லை.

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரி. ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், கம்பெனிக்கு வெளியே இருந்து புகாரை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிப்பார். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். கம்பெனியின் இறுதி மறுப்பிலிருந்து 1 வருடத்துக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம்.

டாக்டர்மேல் புகார் என்பது தனி வழக்கு. உறை இறுக்கம் வந்துவிட்டது என்பதே கவனக்குறைவு ஆகாது. தெரிந்த சிக்கல் அது. உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு, தகுந்த கவனத்தோடு செய்தும் வந்த சிக்கலுக்கு டாக்டரைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் இந்தச் சிக்கலைப் பற்றிச் சொல்லாமலே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியது, தொற்றைக் கவனிக்காமல் விட்டது, ஸ்டிக்கரே இல்லாத இம்ப்ளான்ட், பிளாஸ்டிக் சர்ஜரி படிக்காதவர் செய்தது, இவையெல்லாம் வேறு. காசு கொடுத்துச் செய்துகொண்டிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே, 2 வருடத்துக்குள். எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் மருத்துவமனைமேல் இந்தச் சட்டத்தில் போக முடியாது, உச்ச நீதிமன்றத்தின் 1995 வி.பி. சாந்தா தீர்ப்பே அந்த எல்லையைப் போட்டுவிட்டது.

ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பெண்களில் ஒருவர், அழகுக்காக வைத்தவர், ஒரே பேக்கேஜாக அனுப்பி கோட் 08-இல் நிராகரிக்கப்பட்டு என்னிடம் வந்தார். எம்ஆர்ஐயில் இடது பக்கம் கிழிந்திருந்தது. அந்த ரிப்போர்ட்டே முதல் விண்ணப்பத்தோடு போகவில்லை. எஸ்டிமேட்டைப் பிரித்தோம், சர்ஜன் புதுச் சான்று கொடுத்தார், எடுப்பதும் உறை நீக்கமும் ஒப்புதல் ஆனது. புதிய ஜோடிக்கான காசை அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "வேண்டாம் மேடம், எடுத்தா போதும்" என்றார். டிஸ்சார்ஜ் ஆன பத்தாம் நாள் பயாப்ஸி ரிப்போர்ட்டோடு வந்து, இந்த பில்லை யாரிடம் கொடுப்பது என்று கேட்டார். டிஸ்சார்ஜுக்குப் பிறகான செலவும் அவர் பாலிசியில் 60 நாள் வரை உண்டு. படிவத்தை எடுத்துக் கொடுத்தேன்; இந்த முறை பக்கத்து நாற்காலியைப் பார்க்காமலே உட்கார்ந்து நிரப்பினார்.